காற்றுக்குள் ஏறியவர்கள்: அன்னொனே முதல் டிராப் வரை

சனி, லியோன்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் சார்லஸ் விதி வரும். அழுத்தம் மாறாமல் இருந்தால், வாயுவின் கன அளவு தனி வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பள்ளியில் பாடம் நடத்திய காலமெல்லாம் அதைக் கரும்பலகையில் எழுதிக் கணக்குப் போட்டிருக்கிறேன். விதியைச் சொன்னவர் பலூனில் ஏறி மேகத்துக்கு மேலே போய் வந்த மனிதர் என்று சொன்னால் போதும், தூங்கி வழியும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். பலூன் வரலாறு நடந்த இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்த ஆசை, ஓய்வு பெற்ற பிறகுதான் கைகூடியது. அக்கா மகள் பிரான்ஸில், லியோனில் வேலையில் இருக்கிறாள். "மாமா, முதலில் இங்கே வாருங்கள், பலூன் பிறந்த அன்னொனே பக்கம்தான்" என்றாள்.

மாலையில் ப்ரோத்தோ பகுதி வரை நடந்தோம். இப்போது வரிசையாக அடுக்குமாடிக் கட்டிடங்கள். 1784 ஜனவரி 19 அன்று வெட்ட வெளியாகக் கிடந்த இந்த இடத்திலிருந்துதான் 'ஃபிளெசெல்' என்ற பிரம்மாண்டமான வெப்பக்காற்று பலூன் ஏழு பேருடன் கிளம்பியது. ஏழு பேரில் ஒருவர் ஜோசஃப் மொங்கோல்ஃபியே. பலூனைக் கண்டுபிடித்த மனிதர் வாழ்நாளில் பறந்தது அந்த ஒரு தடவைதான். அதே ஆண்டு ஜூன் 4 அன்று எலிசபெத் திப்லே என்ற பெண் இதே ஊரில் பலூன் ஏறினார். கயிற்றில் கட்டாத பலூனில் பறந்த முதல் பெண் அவர்.

ஞாயிறு, அன்னொனே

லியோனிலிருந்து ரோன் ஆற்றை ஒட்டித் தெற்கே வந்து மேற்கில் மலைப்பக்கம் திரும்பினால் அன்னொனே. மேடும் பள்ளமுமான ஊர். தேயும், கான்ஸ் என்ற இரண்டு சிற்றாறுகள் ஊருக்குள்ளேயே கலக்கின்றன. காகித ஆலைக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீராகவும் இருக்க வேண்டும். மொங்கோல்ஃபியே குடும்பம் இங்கே ஆலை வைத்துச் செழித்ததற்கு அதுதான் காரணம்.

ஊரை ஒட்டிய விதாலோனில், ஜோசஃப், எத்தியென் சகோதரர்கள் பிறந்த வீட்டிலேயே காகித அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவியம் வரைகிறவர்களுக்குத் தெரிந்த 'கான்சன்' காகிதம் இந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். எத்தியென் மொங்கோல்ஃபியேயின் மருமகன் பெயர் கான்சன். கையால் காகிதம் எடுக்கும் சட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மரச்சட்டம், அதில் நெருக்கமாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். கந்தல் துணியை ஊறவைத்து இடித்த கூழில் முக்கி எடுத்தால் தண்ணீர் வடிந்து நார் மட்டும் படியும். அது காய்ந்தால் எடை குறைவான, காற்றை எளிதில் விடாத ஒரு தாள். லேசாகவும் இருக்க வேண்டும், காற்றையும் பிடித்து வைக்க வேண்டும் என்ற தேவைக்கு விடை இவர்கள் வீட்டுப் பட்டறையிலேயே அடுக்கி வைத்திருந்தது.

1782 நவம்பரில் ஜோசஃப் அவிஞ்ஞோனில் இருந்தபோது ஒரு சிறிய பட்டுப் பையைச் செய்து, அடியில் காகிதத்தைக் கொளுத்தினார். பை எழும்பிக் கூரையைத் தொட்டது. பட்டும் கயிறும் உடனே தயார் செய், உலகத்திலேயே பெரிய அதிசயத்தைப் பார்ப்பாய் என்று தம்பிக்கு எழுதினார். 1783 ஜூன் 4 அன்று இந்த ஊர்ச் சதுக்கத்தில், கூடியிருந்த மாகாணப் பிரதிநிதிகள் முன்னால் செய்து காட்டினார்கள். கோணித்துணி, உள்ளே காகித ஒட்டு, துண்டுகளை இணைக்க நூற்றுக்கணக்கான பொத்தான்கள்! குறுக்களவு 11 மீட்டருக்குப் பக்கம். பத்து நிமிடம் பறந்து, சுமார் 2 கி.மீ. தள்ளிப் போய் இறங்கியது.

ஏன் பறந்தது என்பது சகோதரர்களுக்குத் தெரியாது. புகைக்குள் ஏதோ ஒரு விசேஷமான வாயு இருக்கிறது, அதுதான் தூக்குகிறது என்று நம்பினார்கள். அதனால் ஈர வைக்கோலையும் ஆட்டு ரோமத்தையும் போட்டு நாற்றமடிக்கப் புகைத்தார்கள். உண்மையான கணக்கு எளிமையானது. சாதாரண வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ எடை. அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.95 கிலோ. கன மீட்டருக்குக் கால் கிலோ தூக்கும் சக்தி. சுமார் 800 கன மீட்டர் கொண்ட பைக்கு 200 கிலோ, சூடு இன்னும் ஏறினால் அதற்கும் மேல். புகைக்கு இதில் வேலையே இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காகிதப் பைக்குள் நுழைத்து, புகையே இல்லாமல் அது எழும்புவதைக் காட்டிய பிறகுதான் அந்த விவாதம் ஓய்ந்தது.

தெரியாமல் செய்தார்கள் என்பதால் அவர்கள் மேல் மதிப்புக் குறையவில்லை எனக்கு. கையில் இருந்த பொருளை வைத்துச் செய்து பார்த்தவர்கள் அவர்கள். அந்த வேலை நடந்திராவிட்டால் பாரிஸில் யாரும் கணக்குப் போட உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

திங்கள், பாரிஸ்: முயெத்திலிருந்து புத்-ஓ-கை வரை

காலை ரயிலில் பாரிஸ். பையை அறையில் போட்டுவிட்டு நேராக நகரின் மேற்கு ஓரத்துக்குப் போனேன். முயெத் மாளிகையின் பழைய கட்டிடம் இப்போது இல்லை. அந்தப் பெயரில் நிற்கும் புதிய மாளிகையில் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் தலைமையகம் இயங்குகிறது. வேலிக்கு வெளியே இருந்துதான் பார்க்க முடிந்தது.

1783 நவம்பர் 21 அன்று இங்கிருந்து பிலாத்ர் த ரோசியேவும் மார்க்கி தார்லாந்தும், கயிற்றில் கட்டாத பலூனில் பறந்த முதல் மனிதர்களாகக் கிளம்பினார்கள். மரண தண்டனைக் கைதிகளை முதலில் அனுப்பலாம் என்பது மன்னர் பதினாறாம் லூயியின் யோசனை. அந்தப் பெருமை கைதிகளுக்குப் போவதா என்று இருவரும் போராடி அனுமதி வாங்கினார்கள். வட்டமான தாழ்வாரத்தில் ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். நடுவில் கணப்பு. கையில் வைக்கோலும், தீப்பொறியை அணைக்க ஈரப் பஞ்சும். கீழே சேன் ஆறு வளைந்து போவதை வேடிக்கை பார்த்தபடி தார்லாந்த் நின்றுவிட, இப்படியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் குளிக்க வேண்டியதுதான், தீயைப் போடுங்கள் என்று பிலாத்ர் அதட்டினாராம். தார்லாந்தே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். துணியில் நெருப்பு விழுந்து ஓட்டைகளும் விழத் தொடங்கின. 25 நிமிடத்தில் நகரைக் கடந்து தென்கிழக்கே புத்-ஓ-கை மேட்டில் இறங்கினார்கள்.

மெட்ரோவில் அங்கே போனேன். பால் வெர்லேன் சதுக்கத்தில் அந்தப் பயணத்துக்கு ஒரு நினைவுக் கல். பக்கத்திலேயே செங்கல் முகப்புடன் பழைய நீச்சல் குளம், ஆர்ட்டீசியன் கிணற்றுக் குழாய்கள். தரைக்கு அடியில் சுமார் 600 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர். ஒரு பாட்டி தள்ளுவண்டி நிறைய கேன்களோடு வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு பாட்டில் பிடித்தேன். வெதுவெதுப்பாக, லேசாக இரும்பு வாடை அடித்தது.

பிலாத்ருக்கு அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 1785 ஜூன் 15 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டப் புறப்பட்டார், மேலே ஹைட்ரஜன் பை, கீழே வெப்பக்காற்று உருளை என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிய பலூனில். கால்வாயைத் தாண்ட முடியவில்லை. வீமெரு அருகே விழுந்து, கூட வந்த ரொமேனும் அவரும் இறந்தார்கள். ஆகாயத்தில் முதலில் ஏறியவரே ஆகாய விபத்தில் முதலில் போனார். வயது 31.

திரும்பும் வழியில் ஆஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையம். பிரஷ்யப் படை நகரைச் சூழ்ந்த 1870-71 முற்றுகையில் பாரிஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் தபாலோடு வெளியேறின. இந்த நிலையத்தின் கொட்டகையே அப்போது பலூன் தைக்கும் பட்டறை. டிசம்பர் 2 அன்று 'வோல்தா' பலூனில் தொலைநோக்கியைப் பிரித்துக் கட்டி எடுத்துக்கொண்டு தப்பினார் வானியலாளர் ஜான்சன். அல்ஜீரியாவில் சூரிய கிரகணம் பார்க்க! கடைசியில் மேகம் மறைத்துவிட்டது. இதே ஜான்சன் 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தை நம் சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து பார்த்தவர். கிரகணம் இல்லாத நாளிலும் சூரியனின் தீப்பிழம்புகளைப் பார்க்கும் வழியை அங்கேதான் கண்டார்.

செவ்வாய், சார்லஸின் பாரிஸ்

இன்று முழுக்க சார்லஸுக்கு.

அன்னொனே சேதி பாரிஸுக்கு வந்தபோது, என்ன வாயு என்ற விவரம் வரவில்லை. ழாக் சார்லஸ் பொதுமக்களுக்கு இயற்பியல் செய்து காட்டும் விரிவுரையாளர். 1766-இல் ஆங்கிலேய விஞ்ஞானி கேவண்டிஷ் ஆராய்ந்த 'எரியும் காற்று' அவருக்கு நன்றாகத் தெரியும். இன்று நாம் ஹைட்ரஜன் என்கிறோம். கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேல் தூக்கும், வெப்பக்காற்றைவிட நாலு மடங்கு. அது எதிலும் நிற்காமல் கசியும் என்பதுதான் சிக்கல். கருவிகள் செய்யும் ரொபேர் சகோதரர்கள் ரப்பரை டர்பன்டைனில் கரைத்துப் பட்டில் பூசி அதைத் தீர்த்தார்கள். மக்களிடம் சந்தா வசூலித்து விக்துவார் சதுக்கத்தில் வேலை நடந்தது. அரை டன் இரும்புத் தூள், அதன் மேல் கால் டன் கந்தக அமிலம். சின்ன ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாயில் செய்தாலே குழாய் கை சுடும். அந்த அளவில் செய்தால் எவ்வளவு சூடும் ஆவியும் வந்திருக்கும்! நாள்கணக்கில் நிரப்பினார்கள்.

1783 ஆகஸ்ட் 27 அன்று ஷாம்ப் த மார்ஸில், இன்று ஐஃபில் கோபுரம் நிற்கும் மைதானத்தில், ஆளில்லாமல் விட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் வடகிழக்கே கோனெஸ் கிராமத்தில் கிழிந்து விழுந்தது. கிராமத்து ஜனங்கள் பயந்து கவைக்கோலால் குத்திக் கிழித்தார்கள் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஏன் கிழிந்தது என்பதுதான் முக்கியம். கீழேயே முட்ட நிரப்பி வாயைக் கட்டிவிட்டார்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் வாயு விரியும், போக வழி இல்லை.

அந்த ஒரு கிழிசலிலிருந்து சார்லஸ் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பதை டிசம்பர் 1 பலூனில் பார்க்கலாம். விரியும் வாயு வெளியேற அடியில் திறந்த கழுத்து. இறங்க வேண்டுமானால் உச்சியில் வால்வு, அதற்கு ஒரு கயிறு. ஏற வேண்டுமானால் கொட்ட மணல் மூட்டை. எடையைப் பரவலாகத் தாங்க வலை, அதில் தொங்கும் கூடை. உயரம் அறிய பாரோமீட்டர், கூடவே வெப்பமானி. வாயு பலூன் ஓட்டுகிறவர்கள் இன்றும் வைத்திருப்பது இதே அமைப்புத்தான். மூன்றே மாதத்தில் இத்தனையும்!

துயிலரி தோட்டத்தில் நின்று அந்த மத்தியானத்தை நினைத்துப் பார்த்தேன். கூட்டம் 4 லட்சம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிளம்புமுன் காற்றின் திசை பார்க்க ஒரு சிறிய பச்சை பலூன் விட வேண்டும். சார்லஸ் அதை எத்தியென் மொங்கோல்ஃபியேயின் கையில் கொடுத்து, வானத்துக்கு வழி காட்ட வேண்டியவர் நீங்கள்தான் என்றார். போட்டியாளர்கள் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசிய நேரம் அது.

சார்லஸும் இளைய ரொபேரும் இரண்டு மணி நேரம் பறந்து, 36 கி.மீ. தள்ளி நெல்-லா-வாலே வயலில் இறங்கினார்கள். ரொபேர் இறங்கிக்கொள்ள, சார்லஸ் தனியாக மறுபடி ஏறினார். அறுபது கிலோ எடை குறைந்ததால் பலூன் சீறிக்கொண்டு போனது. பத்து நிமிடத்தில் சுமார் 3,000 மீட்டர். கீழே அஸ்தமித்துவிட்ட சூரியன் மேலே போனதும் மறுபடி தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு அஸ்தமனம் பார்த்தார். கை விறைத்தும் பாரோமீட்டர் அளவைக் குறித்தார். வலது காதிலும் தாடையிலும் கடும் வலி. இறங்கினார். அதன் பிறகு அவர் பறக்கவே இல்லை.

2024 ஒலிம்பிக் தீபத்தை இதே தோட்டத்தில் பலூன் வடிவில் ஏற்றியது இந்த வரலாற்றுக்காகத்தான். இந்தக் கோடையிலும் இருட்டியதும் ஏற்றுகிறார்கள். தீ மாதிரித் தெரிவது நீராவிப் புகையும் மின் விளக்கும். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பையனுக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சார்லஸ் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

புதன், ஆர் ஏ மெத்தியே அருங்காட்சியகம்

பாரிஸில் ஒரே ஒரு அருங்காட்சியகம் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், வேதியியல் படித்தவர்களை நான் இங்கே அனுப்புவேன். சார்லஸ் தன் கருவிகளை எல்லாம் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவை வந்து சேர்ந்த இடம் இது. வேதியியலாளர் லவாய்சியரின் ஆய்வுக்கூடமும் இங்கேதான். பித்தளையும் கண்ணாடியும், ஆளுயரத் தராசும், வாயுவை அளக்க அவர் செய்யச் சொன்ன இரட்டைக் கேசோமீட்டரும். தராசின் முள் முனையைக் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தேன். தையல் ஊசியைவிட நேர்த்தி.

லவாய்சியருக்கும் பலூனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். பலூனுக்கு மலிவாக ஹைட்ரஜன் வேண்டும், அமிலம் விலை அதிகம். அறிவியல் அகாதமியின் பலூன் குழுவுக்காக லவாய்சியரும் ராணுவப் பொறியாளர் மெனியேயும் பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழல் வழியே தண்ணீரைச் செலுத்தினார்கள். இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் ஹைட்ரஜன் வந்தது. தண்ணீர் ஒரு தனிமம் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த எண்ணத்தை 1784-இல் உடைத்த சோதனைகளில் அது ஒன்று. பலூன் மோகம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குழல் அப்போது அடுப்பேறியிருக்காது.

இந்த வளாகத்தின் தோட்டத்திலிருந்துதான் 1804 ஆகஸ்ட் 24 அன்று விஞ்ஞானிகள் கே-லூசாக்கும் பியோவும் பலூன் ஏறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ராபர்ட்சன் என்ற வித்தைக்காரர் ஹாம்பர்க்கில் பறந்து, உயரே போனால் காந்த சக்தி குறைகிறது என்று அறிவித்திருந்தார். உண்மையா என்று பார்ப்பதுதான் வேலை. செப்டம்பர் 16 அன்று கே-லூசாக் தனியாக ஏறி 7,016 மீட்டரைத் தொட்டார். அப்போது அவருக்கு 25 வயது. மைனஸ் ஒன்பதரை டிகிரிக் குளிரில் மூச்சு வாங்க, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைகளைத் திறந்து அங்கத்திய காற்றை நிரப்பி மூடினார். கீழே வந்து பகுத்துப் பார்த்தால், பாரிஸ் தெருவில் இருக்கும் அதே விகிதத்தில் ஆக்சிஜன். அவ்வளவு உயரத்திலும் காற்றின் சேர்க்கை மாறவில்லை, அடர்த்திதான் குறைகிறது. காந்தமும் சொல்லும்படி குறையவில்லை.

இவர்தான் 1802-இல் வாயுக்களின் விரிவு பற்றி எழுதியபோது, பதினைந்து ஆண்டுக்கு முன்பே சார்லஸ் இதைக் கவனித்தார் என்று சொன்னவர். சார்லஸ் எதையும் அச்சில் போடவில்லை. கே-லூசாக் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால், நம் பாடநூலில் சார்லஸ் பெயரே இருந்திருக்காது. கூடத்தில் நின்றுகொண்டு இதைத்தான் வெகுநேரம் யோசித்தேன்.

வியாழன், பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம்

கே-லூசாக் இங்கே இருக்கிறார். ராபர்ட்சனும் இங்கேதான், கல்லறையின் ஒரு பக்கம் அவர் காட்டிய பேய் விளக்குக் காட்சி, மறுபக்கம் கூட்டம் அண்ணாந்து பார்க்கும் பலூன், இரண்டையும் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

நான் வந்தது 71-ஆம் பிரிவைத் தேடி. வெண்கலத்தில் இரண்டு ஆண்கள் அருகருகே மல்லாந்து படுத்திருக்கிறார்கள். ஒரே துணி இருவரையும் போர்த்தியிருக்கிறது, மடிப்புகள் நிஜத் துணி மாதிரியே. ஒருவர் கை மற்றவர் கையைப் பிடித்திருக்கிறது. குரோசே-ஸ்பினெல்லியும் சிவெலும்.

1875 ஏப்ரல் 15 அன்று லா வில்லெத் எரிவாயு ஆலையிலிருந்து 'ஸெனித்' பலூனில் மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்றாமவர் கஸ்தோன் திசாந்தியே. உயரத்தில் ஆளைக் கொல்வது ஆக்சிஜன் குறைவுதான் என்று உடலியலாளர் பால் பெர் அழுத்த அறை வைத்து நிரூபித்திருந்தார். அவர் சொன்னபடி ஆக்சிஜன் பைகளும் எடுத்துப் போனார்கள். அளவு போதாது என்று பெர் எழுதிய கடிதம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆக்சிஜனைச் சேமிக்க வேண்டும் என்று மூச்சு முட்டும்வரை தொடாமல் இருந்தார்கள். 7,500 மீட்டருக்கு அருகில் சிவெல் மணல் மூட்டைகளை அறுத்துவிட்டார், மற்றவர்களும் சம்மதித்தார்கள். அந்த உயரத்தில் பயமே வருவதில்லை, ஒரு சந்தோஷம்தான் வருகிறது என்று திசாந்தியே பிறகு எழுதினார். எட்டாயிரம் மீட்டர் என்று கத்த நினைத்தார், நாக்கு அசையவில்லை. ஆக்சிஜன் குழாயைப் பிடிக்கக் கை எழவில்லை. ஆபத்தின் முழு விவரமும் தெரிந்த மூன்று பேர், குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கை தூக்க முடியாமல் மயங்கினார்கள். திசாந்தியே விழித்துப் பார்த்தபோது இரண்டு தோழர்களும் இறந்திருந்தார்கள். சீல் வைத்த பாரோமீட்டர் குழாய்களைப் பாரிஸில் திறந்தபோது தெரிந்த உச்ச உயரம் சுமார் 8,600 மீட்டர். திசாந்தியே செவிடாகிப்போனார்.

யாரோ புதிதாக வைத்துவிட்டுப் போன மஞ்சள் பூக்கள் இருந்தன. எனக்குப் பக்கத்துக் கடையில் கிடைத்த வெள்ளை ரோஜாவை வைத்தேன்.

வெள்ளி, வெர்சாய், டிராப்

காலையில் வெர்சாய் அரண்மனை முற்றம். உள்ளே போகவில்லை. 1783 செப்டம்பர் 19 அன்று இந்த முற்றத்திலிருந்து ராஜா ராணி முன்னிலையில் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் எத்தியென் ஏற்றி அனுப்பினார். எட்டு நிமிடத்துக்குப் பிறகு வோக்ரெசோன் காட்டில் மூன்றும் உயிரோடு இறங்கின. மேலே உள்ள காற்றைச் சுவாசிக்க முடியுமா என்பதுதான் அன்றைய கேள்வி. எவ்வளவு நியாயமான கேள்வி என்பது நேற்றைக்கு இன்னும் உறைத்தது.

அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் டிராப். சுற்றுலாக்காரர்கள் யாரும் இங்கே வருவதில்லை. ஸெனித்துக்குப் பிறகு, ஆளை அனுப்பாமல் கருவியை மட்டும் அனுப்பினால் என்ன என்று எர்மித்தும் பெசான்சோனும் 1892-இல் தொடங்கினார்கள். அதை முறையான ஆராய்ச்சியாக்கியவர் வானிலை ஆய்வாளர் தெஸெராங் த போர். 1896-இல் இந்த ஊரில் சொந்தப் பணத்தில் ஆய்வகம் அமைத்தார். காகிதத்தில் செய்து மெழுகிய ஹைட்ரஜன் பலூன்கள், அடியில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தானே கீறிப் பதிக்கும் கருவி.

உயரே போகப் போகக் குளிரும் என்பது சார்லஸ் காலத்திலிருந்து தெரியும். ஆனால் 11 கி.மீ. தாண்டியதும் வெப்பமானி இறங்குவதை நிறுத்திவிட்டது. கருவியை வெயில் சூடாக்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு இரவில் விட்டுப் பார்த்தார். அப்போதும் அதேதான். அவசரப்பட்டு அறிவிக்கவில்லை, இருநூறுக்கு மேல் பலூன்கள் விட்ட பிறகே 1902-இல் அகாதமியில் சொன்னார். கீழ் அடுக்குக்கு ட்ரோபோஸ்பியர், மேல் அடுக்குக்கு ஸ்ட்ராடோஸ்பியர் என்று பெயர் வைத்ததும் அவரே.

டிராப்பிலிருந்து இன்றும் வானிலை பலூன்கள் ஏறுகின்றன. மீனம்பாக்கத்திலிருந்து நம் வானிலைத் துறை விடுவதும் அதே வேலைக்குத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே 11 கி.மீ. உயரத்தில் இருக்கும் அந்த எல்லை, சென்னைக்கு மேலே 16, 17 கி.மீ. வரை உயர்ந்திருக்கிறது. வெப்ப மண்டலத்தில் சூடேறிய காற்று அவ்வளவு உயரம் எழும்புகிறது. அதுவரைக்கும் குளிர் கூடிக்கொண்டே போவதால், நம் தலைக்கு மேல் அந்த எல்லையில் மைனஸ் 75, 80 டிகிரி. பாரிஸுக்கு மேலே இருப்பதைவிடக் கடுமையான குளிர்.